நாத்தனாரின் ரத்தம்

ப்ரெக்கா பண்ணையில் அந்த வருடம் ஆடுகள் குட்டி போடத் தொடங்கியபோது வீட்டுக்குள் ஒரு சிவப்பு நாடா ஒட்டப்பட்டிருந்தது. துவைக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில், தரையில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். ஒட்டியவள் ராக்னா, பண்ணைக்காரன் பிராந்துரின் அக்கா. தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையையே ஆட்டிப் படைக்கிறவள். தம்பி வீட்டுக்கு வந்த அன்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் நாடாவைத்தான் பிரித்தாள்.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை. இந்தப் பக்கம் தம்பி. கொட்டகைத் துணியோட யாரும் இதைத் தாண்டக் கூடாது. குளிச்சு, துணி மாத்தி, கை கழுவிட்டுத்தான் வரணும்."

"யாரும்னா யாரு அண்ணி? வீட்டுல நாம மூணு பேர்தானே?" என்றாள் ஸ்வாவா.

"அப்போ உனக்குத்தான் சொல்றேன்."

ஸ்வாவா பிராந்துரின் மனைவி. அந்தச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பால் பொங்கியதும் அவள் கையால்தான், உருளைக்கிழங்கு கருகியதும் அவள் கையால்தான். தன் வீட்டுக்குள் நுழையத் தனக்கே கோடு கிழித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். பிராந்துரின் உடம்பில் இப்போது ஓடுவது ராக்னாவின் ரத்தம். அப்படிப்பட்டவளிடம் என்ன பேச முடியும்?

போன இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து பட்டியில் பிரிக்கிற நாளில்தான் பிராந்துர் மயங்கி விழுந்தான். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றியதில் தலைமுடி போனது, எடை போனது, நோய் மட்டும் போகவில்லை. பிறகு யாருடைய எலும்பு மஜ்ஜையாவது வேண்டும் என்றார்கள். ஸ்வாவா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கிற பெண் சிரித்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டிக்கு இது பொருந்துறது அபூர்வம்மா, கூடப் பிறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றாள். ஒரே கட்டிலில் இத்தனை வருடம் படுத்தவளுக்குப் பொருந்தாதாம். வருடத்துக்கு இரண்டு முறை வந்து காப்பி குடித்துவிட்டுக் குறை சொல்லிப் போகிறவளுக்குப் பொருந்துமாம். பொருந்தவும் செய்தது. ஜனவரியில் ஸ்டாக்ஹோமுக்குப் போய், ராக்னாவின் மஜ்ஜையை ஒரு சின்னப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறக்கினார்கள்.

அவனுடைய ரத்த வகையே மாறிப்போனது. முடி திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. அது மருந்தால் வருவது, எல்லாருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். ஸ்வாவா நம்பவில்லை. ராக்னாவுக்குச் சுருட்டை முடி.

டாக்டர் சொன்ன வேறு ஒன்றை மட்டும் நம்பினாள். பழைய ரத்தத்தோடு, அவன் உடம்பு இத்தனை வருடம் நோய்களோடு சண்டை போட்டுக் கற்றதெல்லாம் போய்விட்டது. நேற்றுப் பிறந்த குட்டியின் நிலைமைதான் இப்போது. அக்காவின் ரத்தமோ, புது வீட்டுக்கு வந்ததும் இது என் வீடு இல்லையே என்று அவன் உடம்பையே அடிக்கக் கூடும். அதனால் அதைத் தூங்க வைக்கிற மாத்திரை. ரத்தம் தூங்கினால் காவல் இல்லை. அடுத்த வீட்டுக்காரனின் சளி, சின்னப் பிள்ளையின் அம்மை, ஒருவர் உதட்டில் வருகிற காய்ச்சல் கொப்புளம் எதுவும் இவனைச் சாய்த்துவிடும். ஸ்டாக்ஹோமிலேயே பார்த்தார்கள். சிறுவயதில் எப்போதோ வந்து உடம்பில் பதுங்கிக் கிடந்த ஒரு வைரஸ் விழித்துக்கொண்டு, அவனை வாரக்கணக்கில் காய்ச்சலில் போட்டது.

அவ்வளவும் தெரிந்துதான் அவன், குட்டி போடும் காலத்துக்கு வீட்டுக்குப் போயே தீருவேன் என்று நின்றான். கொட்டகைக்குள் போக வேண்டாம், ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும் என்றான். ஸ்வாவாவுக்கு மே மாதம் முழுக்கக் கொட்டகைதான் வீடு. மகள் டென்மார்க்கில் படிக்கிறாள், பரீட்சை. அப்படியானால் சுத்தமான கையோடு அவனைப் பார்த்துக்கொள்ள யார்? ராக்னா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கிருமி நாசினிப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மே மாத வேலையைச் சொல்லி மாளாது. ஒரு ஆடு முக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று படுத்துவிடும். கால் மடங்கி வருகிற குட்டியை முழங்கை வரை கைவிட்டுத் திருப்ப வேண்டும், தொப்புளுக்கு அயோடின், சீம்பால் குடிக்கத் தெரியாததன் வாயைப் பிடித்துக் காம்பில் வைக்க வேண்டும். வெளியே வடக்கிலிருந்து பனிமழை. ஸ்வாவா உலர்புல் மூட்டைமேல் உட்கார்ந்தே தூங்கினாள், நின்றுகொண்டே கறுப்பு ரொட்டியும் புகையிட்ட ஆட்டுக்கறியும் தின்றாள். கழுத்தை நிமிர்த்தினால் எதிரே சமையலறை ஜன்னல். உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் ராக்னா அவனுக்கு மீனை வேகவைத்து முள் எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவன் பிடரியில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்வாவாவின் கத்தரிக்கோல். அவன் உட்கார்ந்திருந்தது ஸ்வாவாவின் நாற்காலியில்.

அதைப் பொறாமை என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அலுப்பு என்று சொல்லிக்கொண்டாள். அலுப்பாக இருந்தால் ஒரு தூக்கத்தில் போயிருக்கும்.

பக்கத்துப் பண்ணை கெஸ்துர் டிராக்டரில் உலர்புல் கொண்டுவந்து இறக்கும்போது வாயையும் இறக்குவான்.

"என்ன ஸ்வாவா, உன் புருஷனுக்கு இப்போ பொம்பளை ரத்தமாமே. பின்னல் ஊசியைக் கையில எடுத்துட்டானா?"

"எடுத்தா உனக்குத்தான் நல்லது. உன் ஸ்வெட்டர்ல முழங்கை வெளிய வந்து ஊரைப் பாக்குது, பின்னித் தரச் சொல்றேன்."

"இல்ல, நான் கேட்டது, ராக்னா ரத்தமாச்சே, ராக்னா மாதிரியே அதிகாரம் பண்றானா?"

"அதுக்குத்தான் அசலே உள்ள உக்காந்திருக்காங்களே. நகல் எதுக்கு?"

கெஸ்துர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "என்ன இருந்தாலும் பெரிய காரியம் பண்ணியிருக்கா. கூடப் பிறந்தவ கூடப் பிறந்தவதான்" என்றான். ஸ்வாவா மண்வாரியால் சாணத்தை வாரி அவன் காலருகே போட்டாள்.

அடுத்த வாரம், வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, ராக்னா மருந்து வாங்க ஊருக்குக் கிளம்பினாள். கார் பாலத்தைத் தாண்டி மறைகிற வரைக்கும் ஸ்வாவா கொட்டகை வாசலில் நின்றாள். பிறகு புட்டிக்குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

புட்டிக்குட்டி என்பது தாய் ஏற்காத குட்டி. இது ப்லேசா என்கிற ஆடு ஈன்ற மூன்றில் கடைசி, எலி நிறம். ப்லேசா இதை முட்டித் தள்ளிவிட்டாள். ஸ்வாவாதான் பால்புட்டியில் வளர்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் கடுகளவு ஒரு பொருக்கு. அவள் அதைப் பார்த்தாள், பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை. வசந்தத்தில் குட்டிகளின் உதட்டில் அப்படி வருவதுதான். அது மனிதர் கையில் ஒட்டினால் ஒரு கொப்புளம் வரும், சில வாரத்தில் காய்ந்து உதிரும். இலையுதிர்காலத்தில் ஆடு அறுக்கும்போது எல்லார் கைக்கும் வருவதால் அந்தப் பக்கத்தில் அதற்கு அறுப்புக் கொப்புளம் என்றே பெயர். அது வராத கையை அந்தப் பள்ளத்தாக்கில் கை என்றே மதிக்க மாட்டார்கள். ஸ்வாவாவின் கட்டைவிரலிலேயே அப்போது ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அவள் நாடாவைத் தாண்டவில்லை. தெற்குச் சுவரோரம் வெயிலில் நின்றுகொண்டு ஜன்னலைத் தட்டினாள். பிராந்துர் கம்பளிக் காலுறையோடு வெளியே வந்தான். தாண்டியது அவன்தான், நான் இல்லை என்று பின்னால் பல தடவை அவள் தனக்குள் வாதாடினாள்.

"அக்கா வர நேரமாகுமா?"

"மருந்துக் கடைக்காரியை அழ வச்சுட்டுத்தான் கிளம்புவாங்க. நேரம் இருக்கு."

"யாரோடது?"

"ப்லேசாவோடது, மூணாவது. முட்டிட்டா."

"அவ அம்மாவும் இப்படித்தான் ஒண்ணை முட்டுவா, ஞாபகம் இருக்கா?" அவன் கையுறையைக் கழற்றினான். குட்டியை மடியில் வாங்கிப் புட்டியைச் சாய்த்துப் பிடித்தான். வாலை ஆட்டிக்கொண்டு அது இழுத்த இழுப்பில் அவன் மணிக்கட்டே ஆடியது. "அடேய், மெதுவா! பஞ்சத்துல பொறந்தவனா நீ?"

அவன் சிரித்தான். ஸ்டாக்ஹோமுக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை. எது எத்தனை போட்டது, பழைய கொம்பன் கிடாவின் குட்டிகள் எப்படி, கீழ்ப் புல்வெளியில் தண்ணீர் வடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் மூச்சு விடாமல் சொன்னாள். பால் தீர்ந்தது. குட்டி அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது.

"போதும் விடு, கையைக் கழுவு."

"இரு, இன்னும் கொஞ்சம்."

அவள் இருந்தாள். அவன் தோளில் சாய்ந்து வெயிலில் இருந்தாள். இது மட்டும் எனக்கும் இவனுக்கும், இதில் அவளுக்குப் பங்கு கிடையாது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு பாலைவிட ருசியாக இருந்தது.

ராக்னா திரும்பி வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "ஆட்டு வாசனை வருதே?"

"ஆட்டுப் பண்ணையில பின்ன மீன் வாசனையா வரும் அண்ணி?"

ஜூன் தொடக்கத்தில் பிராந்துரின் வலது ஆள்காட்டி விரலில் பட்டாணியளவு ஒரு சிவப்பு. ராக்னாதான் கண்டுபிடித்தாள், அவள் கண்ணுக்கு எது தப்பும்? ஸ்வாவாவுக்குப் புட்டிக்குட்டியின் உதடு ஒரு நொடி நினைவுக்கு வந்தது. ஆனால் அறுப்புக் கொப்புளம் என்றால் வரும், காயும், உதிரும். "முள்ளு ஏதாவது குத்தியிருக்கும்" என்றாள். அது காயவில்லை. ஒரு வாரத்தில் கோழிமுட்டையில் பாதி அளவுக்கு விரலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கருஞ்சிவப்பு, ஓயாத கசிவு, தொட்டால் ரத்தம். ஸ்வாவா தன் வாழ்நாளில் பார்த்த எந்தக் கொப்புளமும் இப்படி இல்லை. அதனால் இது அது இல்லை என்று தன்னை நம்ப வைத்துக்கொண்டாள்.

மூவரும் ரெய்க்யாவிக்குக்குப் போனார்கள். டாக்டர் இளம் பெண், பொறுமைசாலி. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அதைத்தான்.

"ஆடுங்க பக்கம் போனீங்களா?"

"கிடையவே கிடையாது," என்று முந்திக்கொண்டாள் ராக்னா. "நான் கோடு போட்டு வச்சிருக்கேன் டாக்டர். கொட்டகைக் காத்துகூட அவன்மேல படல. கேளுங்க, இவளையே கேளுங்க."

டாக்டர் ஸ்வாவாவைப் பார்த்தார். ராக்னாவும் பார்த்தாள், தாடையைத் தூக்கிக்கொண்டு.

"இல்லை," என்றாள் ஸ்வாவா.

"நீங்க?" என்று டாக்டர் பிராந்துரைக் கேட்டார்.

அவன் ஜன்னலுக்கு வெளியே இருந்த கார்களைப் பார்த்தபடி, "இல்லை" என்றான்.

துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சீழும் ரணமுமாக இருந்ததில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. வளர்கிற வேகத்தைப் பார்த்தால் கெட்ட கட்டியாக இருக்கலாம், அல்லது எலும்பு வரை இறங்குகிற ஏதோ தொற்று. எதுவானாலும் இவர் உடம்பு தாங்காது, காத்திருக்க முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை விரலை எடுப்பது என்று முடிவானது. உள்ளங்கைக்கு இறங்கியிருந்தால் இன்னும் மேலே போக வேண்டி வரும். வலது கை. ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கை, ஆட்டின் கொம்பைப் பிடிக்கிற கை, குட்டியைத் திருப்பி எடுக்கிற கை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் ஸ்வாவாவும் ராக்னாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ராக்னா வாங்கிய ரொட்டி அப்படியே இருந்தது. சாப்பாட்டை வீணாக்குகிறவளைக் கண்டால் கரண்டியால் அடிக்கிறவள் அவள்.

"என் ரத்தம்தான் ஸ்வாவா," என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"குடுத்தவங்க ரத்தத்துல இருந்தே இப்படிக் கட்டி வருமான்னு கேட்டேன். ரொம்ப அபூர்வம், ஆனா இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. என் உடம்புல என்ன அழுகல் கிடந்துச்சோ. அதைக் கொண்டுபோய் என் தம்பிக்கு ஏத்திட்டேன்."

ராக்னா அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதாள். ஸ்வாவாவுக்கு அது இனித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். காப்பி ஆறுகிற நேரம் வரைக்கும் அவள் அந்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உசத்தி ரத்தம், பொருந்துகிற ரத்தம், ஊரே மெச்சிய ரத்தம். இப்போது?

"வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் நீயே அவனைப் பாத்துக்க," என்றாள் ராக்னா. "நான் இனிமே அங்க வரல. எனக்கு அவன் முகத்தைப் பாக்கவே பயமா இருக்கு. நாடாவைப் பிச்சு எறிஞ்சிடு."

இதைத்தானே மே மாதம் முழுக்க ஸ்வாவா கேட்டாள்? கேட்டது மேசைமேல் வந்து விழுந்துவிட்டது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எடுத்தால் விரல் போகும்.

"அண்ணி, அவன் குட்டிக்குப் பால் குடுத்தான்."

"என்னது?"

"நீங்க மருந்து வாங்கப் போன அன்னிக்கு. நான்தான் தூக்கிட்டு வந்தேன். அது அவன் விரலைச் சப்புச்சு."

ராக்னா அழுகையை நிறுத்தினாள். அவளும் ப்ரெக்காவில் பிறந்து வளர்ந்தவள்தான். "எந்த ஆட்டோட குட்டி?"

"ப்லேசாவோடது."

"உதட்டுல பொருக்கு இருந்துச்சா?"

"கடுகளவு."

ராக்னா கண்ணை மூடித் திறந்தாள். "டாக்டர் கேட்டாங்களே ஸ்வாவா. நேராக் கேட்டாங்களே. இல்லைன்னியே?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நான் நின்னா? நான் நின்னா அவன் விரல் போகணுமா? நான் என்ன பேயா?"

"பேய்னா துரத்திடலாம். நீங்க அவன் உடம்புக்குள்ள இருக்கீங்க. நான் என் வீட்டுக்குள்ள போகவே உங்ககிட்ட அனுமதி கேட்டு நிக்கறேன். எனக்குன்னு ஒரு கால் மணி நேரம், அவ்வளவுதான் எடுத்தேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராக்னா குரலைத் தாழ்த்தினாள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உனக்கு கால் மணி நேரம் கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுதுன்னு தெரியுமா? ஒண்ணரை மாசம் முள்ளெடுத்து மீன் குடுத்தேன், மாத்திரை எண்ணிக் குடுத்தேன். 'தேங்க்ஸ் அக்கா'ங்கறான். ஓட்டல்காரிகிட்ட சொல்ற மாதிரி சொல்றான். சொல்லிட்டு ஜன்னல்ல போய் நின்னுக்கறான். கொட்டகையைப் பாக்கறான்னு நினைச்சியா? எந்நேரமும் உன்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறான்." மேசையில் இருந்த ரொட்டியைத் தள்ளினாள். "அது நான் பொறந்த வீடு. நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கே என் நாற்காலில உக்காந்த. ஒரு வார்த்தை கேட்டியா?"

ஸ்வாவாவுக்கு அந்த நாற்காலி ராக்னாவுடையது என்பதே அன்றுதான் தெரியும்.

"குட்டி மடியில இருந்தப்போ சிரிச்சானா?" என்று கேட்டாள் ராக்னா.

"சிரிச்சான்."

"ம்." ராக்னா எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரி. டாக்டர் சாப்பிடப் போறதுக்குள்ள பிடிக்கணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமைக் கத்தியை நிறுத்தினார், துணுக்கை வேறு சோதனைக்கு அனுப்பினார். அறுப்புக் கொப்புளமேதான் என்று வந்தது. நல்ல உடம்பில் தானாகக் காய்கிற கொப்புளம், காவல் இல்லாத உடம்பில் இப்படி வீங்கி நிற்கும் என்றார்.

"இதுக்குன்னு நேரா ஒரு மருந்து இல்லை. களிம்பு தர்றேன். ஆனா இதை உண்மையில அடிக்கணும்னா ரத்தம் முழிக்கணும். தூங்க வைக்கிற மாத்திரையைக் குறைக்கப் போறேன். முழிச்சா அக்காவோட ரத்தம் இந்த வைரஸை அடிக்கும். அடிக்கிற கையோட உங்க வீட்டுக்காரர் தோலையும் குடலையும் அடிச்சாலும் அடிக்கும். அது விரலோட நிக்காது, உயிருக்கே வரலாம். தினமும் நான் பாக்கணும்."

ஸ்வாவா பக்கத்தில் நின்ற ராக்னாவைப் பார்த்தாள். இத்தனை மாதம் அந்த ரத்தத்தை எப்படியெல்லாம் சபித்திருக்கிறாள்! இப்போது அது விழிக்க வேண்டும், ஆனால் ராக்னாவைப் போல எல்லாரையும் அடிக்காமல் அடிக்க வேண்டியதை மட்டும் அடிக்க வேண்டும். நடக்கிற காரியமா?

தினமும் ஆஸ்பத்திரி என்பதால் பிராந்துர் ராக்னாவின் வீட்டில் தங்கினான். ஸ்வாவா பண்ணைக்குத் திரும்பினாள். ஆடுகளை மலைக்கு ஏற்றிவிட வேண்டும், வேலி கட்ட வேண்டும், ஜூலையில் புல் அறுப்பு. மறுபடியும் அவன் அங்கே, இவள் இங்கே. சாயங்காலமானால் போன்.

"என்ன அண்ணி, எப்படி இருக்கு?"

"உன் கொப்புளமா, என் ரத்தமா?"

"ரெண்டும்தான்."

"உன் கொப்புளம் இன்னிக்கு ஒரு சுத்துக் குறைஞ்சிருக்கு. என் ஆளுங்க வேலைக்கு வந்துட்டாங்க."

"உங்க ஆளுங்க வேலைக்கு வந்தா மேசை நாற்காலியையும் சேத்துல்ல உடைப்பாங்க. உள்ளங்கை எப்படி?"

உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு வந்தது. பிறகு கழுத்தில். நான்கைந்து நாள் வயிறு நிற்காமல் போய், அவனை ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அந்த நாட்களில் ராக்னா போனில் வேடிக்கை பேசவில்லை. ஸ்வாவா டிராக்டரை வயலின் நடுவில் நிறுத்திவிட்டு, அறுத்த புல்லின்மேல் உட்கார்ந்து, போதும் நிறுத்துங்க, போதும் என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரையை ஒரு துளி கூட்டினார், மறுபடி ஒரு துளி குறைத்தார். தடிப்பு மங்கியது. ஜூலைக் கடைசியில் கொப்புளம் கறுத்துச் சுருங்கி, ஒரு நாள் கட்டோடு சேர்ந்து உதிர்ந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

ராக்னா தம்பியை இரண்டாம் முறையும் காப்பாற்றிவிட்டாள் என்று பள்ளத்தாக்கே பேசியது. கெஸ்துர் வந்து சொன்னபோது ஸ்வாவா வாரியை ஊன்றிக்கொண்டு, "ஆமா, அவங்க ரத்தம்தான் காப்பாத்துச்சு. நோயைக் கொண்டாந்து குடுத்தது நான். ரெண்டையும் சேத்துச் சொல்லு, பாதிக் கதை சொல்லாத" என்றாள். கெஸ்துர் அன்று தொடையில் தட்டிச் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் பிராந்துர் வீட்டுக்கு வந்தான். ராக்னா காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காப்பியும் முறுக்குப் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு, நாடாவைத் தானே உரித்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் இரண்டாம் அறுப்பு. வெயில் இருந்தது. பிராந்துர் வயலோரம் ஒரு நாற்காலியில் கையுறை போட்டு உட்கார்ந்திருக்க, ஸ்வாவா புல்லைப் புரட்டிவிட்டு வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் விரலை எடுத்துப் பார்த்தாள். மடங்கியது, நீண்டது.

"எல்லாம் என்னால," என்றாள். "அந்தப் பொருக்கை நான் பாத்தேன். பாத்தும் கொண்டாந்தேன்."

"நானும்தான் பாத்தேன்."

"எதை?"

"பொருக்கை. குட்டியை மடியில வாங்கினதுமே பாத்தேன். நான் என்ன நேத்து ஆடு வாங்கினவனா?"

"பாத்துட்டு? பாத்துட்டு விரலைக் குடுத்தியா?"

"சொல்லியிருந்தா உடனே தூக்கிட்டுப் போயிருப்ப. நீயும் போயிருப்ப." அவன் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ எத்தனை மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் பக்கத்துல வந்து உக்காந்த."

ஸ்வாவாவுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த வேகத்திலேயே கொதித்தது. உயிரைப் பணயம் வைக்கிற வயதா இது? முட்டாள், அரைக்கிறுக்கு, உனக்காக ஒருத்தி மஜ்ஜையைக் குடுத்துட்டு உக்காந்திருக்கா, நீ ஆட்டுக்குட்டிக்கு விரலைக் குடுக்கறியா என்று கத்தினாள். கத்தியது போதவில்லை. இதைக் கேட்டுத் தன்னோடு சேர்ந்து கத்துவதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்று தோன்றியது. போனை எடுத்தாள்.

"அண்ணி, உங்க தம்பி பண்ணின காரியத்தைக் கேட்டீங்களா? குட்டி உதட்டுல பொருக்கு இருந்ததை அவனும் பாத்தானாம்! பாத்துட்டே விரலைக் குடுத்தானாம்!"

"அதுவா," என்றாள் ராக்னா, பாத்திரம் உருட்டுகிற சத்தத்துக்கு நடுவே. "அதான் எனக்கு ஜூன்லயே தெரியுமே. ஆஸ்பத்திரில கட்டு மாத்தறப்போ சொன்னான். உன்மேல நான் கோபமா இருக்கக் கூடாதாம். நல்லாத் திட்டிவிட்டேன், நீ வேற திட்டாத."

ஸ்வாவா போனை மெதுவாக மடியில் வைத்தாள். வயலில் காய்ந்த புல்லின் வாசனை அடித்தது. பிராந்துர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏன், அக்கா என்ன சொன்னாங்க?"

"முதல்ல அவங்ககிட்டயா சொன்ன?" என்று கேட்டாள் ஸ்வாவா.